பிசையக் கூடாத ரொட்டி: அயர்லாந்து சோடா பிரெட் செய்முறைக் குறிப்புகள்

சப்பாத்திக்கு மாவு பிசைந்து பழகிய கைக்கு அயர்லாந்தின் சோடா பிரெட் பெரிய சோதனை. பாத்திரத்தில் மாவும் மோரும் சேர்ந்ததுமே உள்ளங்கை தானாக அழுத்தப் பார்க்கிறது. மடித்து, உருட்டி, இன்னொரு முறை மடிக்கப் பார்க்கிறது. அத்தனையும் இங்கே வேண்டாத வேலை. பிசையப் பிசைய ரொட்டி இறுகும். கலந்தோம், வட்டமாக்கினோம், கீறினோம், ஓவனில் தள்ளினோம் என்று ஐந்து நிமிடத்துக்குள் கை கழுவிவிட வேண்டும்.

நான் குடியிருப்பது கார்க் நகரத்தில். இங்கே சிறு கடைகளில்கூட சோடா பிரெட் கிடைக்கும் என்பதால் வீட்டில் செய்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் ஏதும் இல்லை. ஆனால் மைதா, சமையல் சோடா, உப்பு, மோர் என்று நான்கே பொருள்களில் முடிந்துவிடும் ஒரு ரொட்டி, வீட்டுக்கு வீடு ஏன் இவ்வளவு வேறுபடுகிறது என்ற கேள்வி என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றிச் செய்து பார்த்துக் குறித்து வைத்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அளவை முதலில் சொல்லிவிடுகிறேன். கதை கேட்கப் பொறுமை இல்லாதவர்கள் இந்தப் பத்தியோடு அடுப்படிக்குப் போய்விடலாம். 450 கிராம் மைதா, தலைதட்டி எடுத்த ஒரு தேக்கரண்டி சமையல் சோடா, ஒரு தேக்கரண்டி உப்பு, 350 முதல் 400 மில்லி வரை மோர். ஓவனை 230 டிகிரி செல்சியஸில் நன்றாகச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். உள்ளே விசிறி சுழலும் வகை என்றால் 20 டிகிரி குறைவு. முதல் 15 நிமிடம் அந்தச் சூட்டில், பிறகு 200 டிகிரிக்கு இறக்கி இன்னும் 25 முதல் 30 நிமிடம். அவ்வளவுதான். ஈஸ்ட் இல்லை, எண்ணெய் இல்லை, சர்க்கரை இல்லை, மாவு பொங்கட்டும் என்று மூடிவைத்துக் காத்திருப்பதும் இல்லை.

மாவில் தொடங்குகிறேன். மைதா என்று நான் எழுதுவது இங்கே ‘கிரீம் பிளவர்’ என்று பையில் அச்சிட்டு விற்கும் சாதாரண வெள்ளை மாவை. அயர்லாந்தின் கோடைக்காலம் ஈரமும் மிதமான குளிருமாகக் கழிகிறது. அந்தப் பருவத்தில் விளையும் கோதுமை மென்மையானது, புரதம் குறைந்தது. ஈஸ்ட் விடும் காற்றை மணிக்கணக்கில் பிடித்து வைத்துக்கொள்ள மாவில் வலுவான இழுவை வேண்டும். அந்த இழுவை இந்தக் கோதுமைக்குப் போதாது. சோடா விடும் காற்றை அடுப்பு இறுக்கும்வரை தாங்கினால் போதும் என்னும்போது, அதே மென்மை வரமாகிவிடுகிறது. இதைச் சரிபார்க்க, ஈஸ்ட் ரொட்டிக்கென்று விற்கும் வலுவான மாவில் ஒன்று செய்து பார்த்தேன். மோர் கூடுதலாகக் கேட்டது. வெந்த ரொட்டி உயரமாக, பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. கத்தி வைத்தபோதுதான் தெரிந்தது. துண்டு உதிராமல் ரப்பர்போல் வளைந்தது. நல்ல சோடா பிரெட் விரலால் பிய்த்தால் சீராகக் கிழியாது, கட்டிகட்டியாகப் பெயர்ந்து வரும். வெண்ணெய் போய் உட்காரும் இடமே அந்தக் கரடுமுரடுதான்.

அடுத்தது மோர். கார்க்கில் இருந்துகொண்டு மோரைப் பற்றிப் பேசினால் வெண்ணெய்க்குப் போகாமல் இருக்க முடியாது. ஷாண்டன் பகுதியில் இருந்த வெண்ணெய்ச் சந்தை 19-ஆம் நூற்றாண்டில் உலகிலேயே மிகப் பெரியது என்று பெயர் வாங்கியது, 1924-இல் மூடப்பட்டது. கெர்ரி மாவட்டத்து மலைக் கிராமங்களிலிருந்து மரப்பீப்பாய்களில் வெண்ணெய் ஏற்றி வந்த பாதைகளை இன்றும் ‘வெண்ணெய்ச் சாலைகள்’ என்கிறார்கள். சின்னச் சின்ன விவசாயக் குடும்பங்கள் கடைந்தெடுத்த வெண்ணெயை விற்று, அந்தக் காசில் நிலத்துக்குக் குத்தகை கட்டின. விற்க முடியாமல் வீட்டில் தங்கியது மோர். குடித்தது போக மீந்த புளித்த மோருக்கு ஒரு வழி வேண்டியிருந்தது. சோடா என்ற வெள்ளைத் தூள் கடைக்கு வந்து சேர்ந்தபோது, அதற்கு வேண்டிய புளிப்பு ஏற்கெனவே எல்லா வீட்டுப் பானையிலும் இருந்தது.

இப்போது கடையில் அட்டைப் பெட்டியில் கிடைப்பது கடைந்த மோர் அன்று. கொழுப்பு நீக்கிய பாலில் நுண்ணுயிர் சேர்த்துப் புளிக்கவைத்தது. நம் நீர்மோரைவிட நல்ல கெட்டி; ஊற்றினால் கூழ்போல் இறங்கும். இதற்கு மாற்றாக மூன்றைச் சோதித்தேன். பாலில் எலுமிச்சைச் சாறு பிழிந்து திரியவைத்தது: ரொட்டி உப்பியது, ருசி மட்டும் மொட்டையாக இருந்தது. கடைத் தயிரில் தண்ணீர் சேர்த்து அடித்தது: பெட்டி மோருக்குக் கிட்டத்தட்டச் சமம். மூன்றாவது, வீட்டில் உறை ஊற்றி, மறுநாளும் வெளியே வைத்து நன்றாகப் புளித்த தயிரை மத்தால் கடைந்து, தண்ணீரை அளவாகச் சேர்த்தது. பெட்டி மோரைவிட இதுவே மேல் என்பது என் தீர்ப்பு. புளிப்பு ரொட்டியின் உள்ளே வரை போய் நிற்கிறது. கெர்ரியில் பிறந்து வளர்ந்த பக்கத்து வீட்டு மூதாட்டிக்கு ஒரு துண்டு கொடுத்தேன். இந்த மோர் எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்டார்.

சோடாவை இங்கே ‘பிரெட் சோடா’ என்றே கேட்டு வாங்குகிறார்கள். ஆப்பத்துக்கு நாம் போடும் அதே சோடியம் பைகார்பனேட்தான். பேக்கிங் பவுடர் வேறு, அதைக் கொண்டுவந்து குழப்பிக்கொள்ள வேண்டாம். மோரில் இருக்கும் லாக்டிக் அமிலம் சோடாவைத் தொட்டதும் கரியமில வாயு கிளம்புகிறது. மாவில் மோரை ஊற்றிவிட்டு ஓரமாகக் காது வைத்துக் கேட்டால் மெல்லிய பொரியும் ஒலிகூடக் கேட்கும். அந்த வாயு நமக்காகக் காத்திருக்காது. ஓவன் சூடாகும் முன்பே மோரை ஊற்றிவிட்டு நின்றால், ஏற வேண்டிய காற்றெல்லாம் அடுப்படியிலேயே போய்விடும்.

சோடாவின் அளவில் தாராளம் கூடாது. ஒரு தேக்கரண்டியை ஒன்றரையாக்கி ஒரு ரொட்டி போட்டுப் பார்த்தேன். இன்னும் நன்றாக உப்பும் என்று தோன்றும், உப்பவில்லை. மோரின் புளிப்பு தீர்ந்த பிறகு மிச்சமிருக்கும் சோடா, சூட்டில் சிதைந்து சோடியம் கார்பனேட்டாகிவிடுகிறது. துணி சோடாவின் ருசி அது. ரொட்டியை மென்று விழுங்கிய பின் நாக்கின் அடியில் சோப்பு நிற்கும். காரத் தன்மை கூடும்போது மாவிலுள்ள இயற்கை நிறமிகள் மஞ்சளாகின்றன. மேற்புறமும் வேகும் முன்பே கருகிச் சிவக்கிறது. அந்த ரொட்டியின் உட்புறம் முட்டை போட்ட கேக் போன்ற மஞ்சளில் இருந்தது. சோடா கூடாமலே கட்டி தட்டியிருந்தாலும் இதே தொல்லைதான்: வெள்ளை ரொட்டியில் அங்கங்கே பழுப்புப் புள்ளி, அந்தப் புள்ளி நாக்கில் பட்டால் கசப்பு. ஆகவே சோடாவை உள்ளங்கையில் கொட்டி, கரண்டியின் முதுகால் நசுக்கி, மாவோடு சேர்த்துச் சலித்துவிடுகிறேன்.

காரம் மிஞ்சினால் நடக்கும் இன்னொரு வேடிக்கையையும் பார்த்துவிட்டேன். ஒரு ரொட்டியில் சூரியகாந்தி விதைகளைச் சேர்த்திருந்தேன். செய்த அன்று ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் அறுத்தபோது ஒவ்வொரு விதையைச் சுற்றியும் பாசிப் பச்சையில் ஒரு வளையம். பூஞ்சணம் என்று தூக்கிப் போடத் தேவையில்லை. விதையிலுள்ள குளோரோஜெனிக் அமிலம் காரத்தில் பச்சையாக மாறுகிறது, தின்னலாம். இருந்தாலும் விருந்தாளி முன் வைக்கத் தகுந்த நிறமில்லை. விதை சேர்ப்பதானால் சோடாவை முக்கால் தேக்கரண்டியாகக் குறைப்பது நல்லது.

இனி கலக்கும் வேலை. அகலமான பாத்திரத்தில் மாவைப் பரப்பி, நடுவில் குழி பறித்து, மோரில் பெரும்பகுதியை ஒரே வீச்சில் ஊற்றுகிறேன். கடைசி 40, 50 மில்லியை மட்டும் கையிருப்பாக வைத்துக்கொள்கிறேன். ஒரு கை பாத்திரத்தைப் பிடித்துக்கொள்ளட்டும். மறு கையின் ஐந்து விரல்களையும் விறைப்பாக விரித்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக வட்டம் வட்டமாகச் சுற்ற வேண்டும். விரல்கள் வளையக் கூடாது, உள்ளங்கை மாவில் படவே கூடாது. ஏழெட்டுச் சுற்றில் உலர்ந்த மாவு மறைந்து, ஈரமான, ஒழுங்கற்ற ஒரு குவியல் கிடைக்கும். பார்த்தால் வேலை பாதியில் நிற்பதாகத் தோன்றும். இந்த இடத்தில்தான் என் கை இன்னும் நாலு அழுத்து அழுத்தப் போனது. சமையல் மேடை அருகே நின்றிருந்த அந்த மூதாட்டி, “போதும், கையை எடு” என்றார். அவர் தராசும் பார்ப்பதில்லை, தேக்கரண்டியும் பார்ப்பதில்லை. சோடா உள்ளங்கைக் குழியில் எவ்வளவு நிற்கிறதோ அதுதான் அளவு.

கையில் ஒட்டியிருப்பதைக் கழுவித் துடைத்துவிட்டு, மாவு தூவிய பலகையில் குவியலைக் கவிழ்க்க வேண்டும். ஈரக்கையோடு உருட்டப் போனால் பாதி மாவு விரலோடு வந்துவிடும். இரண்டு உள்ளங்கைகளாலும் ஓரத்தை உள்ளே அணைத்து அணைத்துச் சுற்றினால் வட்டம் வந்துவிடும். மேலே லேசாகத் தட்டி 4 சென்டிமீட்டர் கனத்துக்குக் கொண்டுவந்தால் போதும். வெடிப்பும் மடிப்பும் இருந்தால் இருக்கட்டும். வழவழப்பாக்க நினைப்பது பிசைவதற்குப் போடும் பின்வாசல்.

பிறகு சிலுவைக் கீறல். நீளமான கத்தியை மாவில் தோய்த்து, ஓரத்திலிருந்து ஓரம் வரை, பாதிக்கும் மேலான ஆழத்துக்கு, குறுக்கும் நெடுக்குமாக இரண்டு வெட்டு. நான்கு கால்பகுதியிலும் கத்தி முனையால் ஒரு குத்து. ரொட்டிக்குள் இருக்கும் தேவதைகள் வெளியேறுவதற்காகத்தான் அந்தக் குத்து என்று இங்கே சொல்வார்கள். விடாவிட்டால் அவை ரொட்டியைச் சபித்துவிடுமாம். சிலுவை ரொட்டிக்கு ஆசீர்வாதம் என்பது இன்னொரு கதை. இரண்டையும் ஒதுக்கிவிட்டுக் கீறாமல் ஒன்றை உள்ளே தள்ளினேன். பத்து நிமிடத்தில் மேற்புறம் இறுகிவிட்டது; உள்ளே கிளம்பிய ஆவி போக்கிடம் தேடி விலாவில் ஒரு பக்கமாக வெடித்துக்கொண்டு வந்தது. ரொட்டி சாய்ந்தது. அறுத்துப் பார்த்தால் நடுவில் எலுமிச்சை அளவுக்குப் பச்சை மாவு. கீறல் போட்டதோ மலர்ந்து நான்கு கூறாகத் திறந்து, நடுப்பகுதிவரை சூடு இறங்கி வெந்திருந்தது. தேவதைகளுக்கு வழி விடுவதே நல்லது.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை பாத்திரத்தில்தான். இங்குள்ள பழைய கிராமத்து வீடுகளில் ஓவன் கிடையாது. கணப்பு அடுப்பில், சதுப்பு நிலத்திலிருந்து வெட்டிக் காயவைத்த டர்ஃப் கட்டிகள் எரியும். அதன் மேல் ‘பாஸ்டிபிள்’ என்ற வார்ப்பிரும்புப் பாத்திரம். தட்டையான அடி, குட்டையான மூன்று கால்கள், கனமான மூடி. ரொட்டியை உள்ளே வைத்து மூடி, மூடியின் மேலும் கங்குகளை வாரிப் போடுவார்கள். மேலும் கீழும் சூடு. கேக்குக்கு மணல் பரப்பி, மூடிமேல் தணல் போட்ட நம் பழைய வீடுகளின் உத்தியும் இதுவே. பாஸ்டிபிள்கள் இன்று பெரும்பாலும் அருங்காட்சியகத்திலோ, பூச்செடி சுமந்துகொண்டு வீட்டு வாசலிலோ இருக்கின்றன.

அதற்குப் பதிலாக மூடியுள்ள என் வார்ப்பிரும்புப் பாத்திரத்தை ஓவனிலேயே சூடாக்கி அதற்குள் ரொட்டியை இறக்கினேன். பாத்திரத்தை முழுச் சூட்டுக்குக் கொண்டுபோனால் அடியில் தூவிய மாவு சில நொடிகளில் கறுத்துப் புகைகிறது. ரொட்டியின் அடியும் மற்ற பாகங்களை முந்திக்கொண்டு கருகுகிறது. பத்து நிமிடம் மட்டும் சூடாக்கி, மாவு தூவுவதற்குப் பதில் பேக்கிங் தாளில் வைத்து இறக்கினால் சரியாக வருகிறது. மூடிக்குள் ரொட்டி விடும் ஆவி அங்கேயே தங்குவதால் மேற்புறம் இறுகத் தாமதமாகிறது. அந்த அவகாசத்தில் ரொட்டி விரல் கனம் கூடுதலாக எழும்புகிறது. 30 நிமிடம் மூடி, பிறகு மூடியை எடுத்துவிட்டுப் பத்து நிமிடம். மேலோடு மெல்லியதாகவும் மிருதுவாகவும் இருக்கும். தட்டில் வைத்துத் திறந்த ஓவனில் சுட்டதன் மேலோடு தடிமனாக, கடித்தால் நொறுங்கும். வீட்டில் இரண்டு கட்சி. நான் பாத்திரக் கட்சி.

இத்தனை பழமை பேசினாலும் சோடா பிரெட் ஒன்றும் ஆதிகாலத்து உணவன்று. பிரான்சின் நிக்கோலா லெப்ளாங்க் சாதாரண உப்பிலிருந்து சோடா தயாரிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றது 1791-இல். அது ஆலைத் தொழிலாகப் பரவிய பிறகே சோடா ஏழை வீட்டுக்கு எட்டும் விலைக்கு வந்தது. வடக்கே நியூரி நகரத்துப் பத்திரிகை ஒன்றில் வந்த சோடா பிரெட் செய்முறையை 1836-இல் லண்டன் விவசாய இதழ் ஒன்று எடுத்துப் போட்டிருக்கிறது. உடம்புக்குத் தெம்பு, வயிற்றுக்கு நல்லது என்று எழுதியவர் ஏகத்துக்குப் புகழ்ந்திருக்கிறார். ஓவன் இல்லாத வீடு, வலுவில்லாத மாவு, மீந்துபோன மோர் ஆகிய மூன்றுக்கும் சேர்த்து ஒரே மருந்தாக வந்த பொருள் அல்லவா, புகழத்தான் செய்வார்கள்.

வெந்துவிட்டதா என்று பார்க்க ரொட்டியைத் துணியால் பிடித்துத் தலைகீழாகத் திருப்பி, அடியில் விரல் முட்டியால் தட்ட வேண்டும். வெற்றுக் குடத்தைத் தட்டிய ஒலி வந்தால் ஆயிற்று. மந்தமாக ஒலித்தால், தலைகீழாகவே இன்னும் ஐந்து நிமிடம் உள்ளே இருக்கட்டும். வெப்பமானி இருந்தால் நடுவில் 93 டிகிரிக்கு மேல் காட்ட வேண்டும். மேலோடு மிருதுவாக வேண்டும் என்பவர்கள் சுடச்சுடச் சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி வைக்கலாம். மொறுமொறுப்பு வேண்டும் என்பவர்கள் கம்பித் தட்டில் ஆறவிடலாம். அரைமணி நேரமாவது பொறுத்து வெட்டுவது நல்லது, சூட்டோடு வெட்டினால் கத்தியில் களியாக இழுபடும். உப்பு வெண்ணெயைத் தாராளமாகப் பூச வேண்டும். வெண்ணெயைக் கிள்ளிக் கிள்ளி வைப்பவர்களுக்கு இந்த ரொட்டி சரிப்படாது. கொழுப்பே சேராததால் மறுநாளே உலர்ந்துவிடும். அப்போது கனமாக வெட்டி வாட்டினால் பழைய குறை தெரியாது.

இதே அளவில் மைதாவைப் பாதியாக்கி, மீதிப் பாதிக்குக் கரகரப்பாக அரைத்த முழுக்கோதுமை மாவு போட்டால் பழுப்பு ரொட்டி. மோர் 400 மில்லியைத் தாண்டிக் கேட்கும். தெற்கே அன்றாடம் சாப்பாட்டு மேசைக்கு வருவது இதுதான், சூப்போடும் புகையூட்டிய சால்மன் மீனோடும் பொருந்திப் போகும். நம் ஆட்டா மாவில் செய்ய நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: சப்பாத்திக்காக நைசாக அரைத்த அந்த மாவு தண்ணீரை அதிகமாக உறிஞ்சி, ரொட்டியைக் கனக்கவைக்கும். பாதிக்கு மேல் சேர்க்காமலிருப்பது நல்லது. கொஞ்சம் கோதுமைத் தவிடும் தூவினால் கரகரப்பு வந்துவிடும். உலர்திராட்சையும் கொஞ்சம் சர்க்கரையும் போட்டால் இங்கே அதற்கு ‘ஸ்பாட்டட் டாக்’ என்று தனிப் பெயர். அமெரிக்காவில் முட்டை, வெண்ணெய், சீமைச் சோம்பு எல்லாம் போட்டு மார்ச் 17 புனித பாட்ரிக் திருநாளுக்குச் செய்வதை நான் குறை சொல்லவில்லை, சுவையான பண்டம். ஆனால் அது கேக்.

கடைசியாக வடக்குப் பாணி. அல்ஸ்டர் பகுதியில் இந்த மாவை ஓவனில் வைப்பதில்லை, தட்டையான இரும்புக் கல்லில் சுடுகிறார்கள். என்னிடம் தோசைக்கல் இருக்கும்போது அதைச் செய்யாமல் விடுவதாவது? மாவை ஒன்றரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தட்டி, நான்கு கூறாக வெட்டினேன். ஒவ்வொரு கூறுக்கும் ‘ஃபார்ல்’ என்று பெயர். எண்ணெய் வேண்டாம். கல்லில் ஒரு சிட்டிகை மாவைத் தூவினால் அது உடனே கறுக்காமல், நிதானமாக இளம்பழுப்புக்கு மாற வேண்டும். தோசைக்குப் போதும் என்கிற சூட்டைவிடக் குறைவு அது. பக்கத்துக்கு எட்டு நிமிடம், மிதமான தீயில். மூடி போடக் கூடாது, போட்டால் ஆவியில் நனைந்துவிடும். இருபுறமும் வெந்த பின் துண்டுகளை ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்தி, வெட்டிய பக்கங்களையும் கல்லில் ஒரு நிமிடம் காட்டுகிறார்கள். அதைச் செய்யாத துண்டுகளின் ஓரம் பச்சையாகவே இருந்தது. குறுக்கே பிளந்து வெண்ணெய் வைத்தும் சாப்பிடலாம், காலையில் முட்டை பொரித்த அதே சட்டியில் போட்டு வாட்டியும் சாப்பிடலாம். ஓவன் இல்லாத வீட்டில் சோடா பிரெட் செய்து பார்க்க விரும்புகிறவர்கள் இதிலிருந்தே தொடங்கலாம். மாவு 225 கிராம், சோடா அரைத் தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, மோர் 180 முதல் 200 மில்லி. ஒருவருக்கு இரண்டு துண்டு வீதம் இரண்டு பேருக்குச் சரியாக இருக்கும்.